தவறிய அடியும் தழைத்த சொல்லும்

விளையாட்டு ஒவ்வொன்றும் இரண்டு சொற்களஞ்சியங்களை உடையது. ஒன்று விதிநூலில் அச்சேறி, நடுவரின் வாயில் வழங்குவது. மற்றொன்று ஆட்டமேசையின் ஓரத்தில் பிறந்து, ஆடுவோராலும் பார்ப்போராலும் வளர்க்கப்பட்டு, பெரும்பாலும் எழுத்தில் ஏறாமலே மறைவது. முதலாவது ஆட்டத்தை வரையறை செய்கிறது. இரண்டாவது ஆடும் மனிதர்கள் ஒருவரையொருவர் எவ்வாறு நடத்துகின்றனர் என்பதைக் காட்டுகிறது. பில்லியர்ட்ஸ், ஸ்நூக்கர், பூல் என்னும் மேசைப் பந்தாட்டங்களில் இவ்விரண்டாம் களஞ்சியம் மிக வளமானது. தவறிப்போன அடிகளுக்கும், தந்திரமான அடிகளுக்கும், தற்செயலாய் வாய்த்த அடிகளுக்கும் நகையோடு இடப்பட்ட பெயர்கள் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன.

இதற்குக் காரணம் ஆட்டத்தின் அமைப்பிலேயே உள்ளது. கிரிக்கெட்டில் ஆட்டமிழந்தவர் களத்தைவிட்டு வெளியேறிவிடுகிறார். கால்பந்தில் பந்தைத் தவறவிட்டவர் அடுத்த நொடியே ஓட்டத்தில் கலந்துவிடுகிறார். ஸ்நூக்கரில் அவ்வாறு தப்ப வழியில்லை. விளக்கொளி முழுதும் மேசைமேல் விழ, அரங்கம் அமைதி காக்க, பந்து மெல்ல உருண்டு சென்று பாக்கெட்டின் வாயில் இருபுறமும் மோதி வெளியே நின்றுவிடுகிறது. அடித்தவர் தம் நாற்காலிக்குத் திரும்பி, தாம் விட்டுவைத்த பந்துகளை எதிராளி ஒவ்வொன்றாக வீழ்த்துவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிழை இத்துணை மெதுவாகவும் இத்துணை வெளிச்சத்திலும் நிகழும்போது, யாரேனும் ஒருவர் ஏதேனும் ஒரு சொல்லைச் சொல்லியே ஆகவேண்டியுள்ளது. அச்சொல் தவறியவரைத் தேற்றுமா, துரத்துமா என்பதே எண்ணிப்பார்க்க வேண்டிய வினா.

குழூஉக்குறியும் வாசலும்

தமிழ் இலக்கண மரபில் இத்தகைய சொற்களுக்கு இடமுண்டு. நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் குழூஉக்குறிக்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள். ஒரு குழுவினர் தமக்குள் பொருள் விளங்கவும் பிறர்க்கு விளங்காதிருக்கவும் ஆளும் சொல் என இதனைப் பொதுவாக விளக்குவர். பொற்கொல்லரின் சொல்லில் மறைப்பு ஒரு தொழில்தேவை. மேசைப் பந்தாட்டச் சொற்களிலோ மறைப்பு குறைவு; அறையில் உள்ளார் அனைவரும் கேட்க அவை உரக்கச் சொல்லப்படுகின்றன. எனினும் அவையும் குழுவின் எல்லையை வரையவே செய்கின்றன. சொல்லைக் கேட்டதும் சிரிக்கத் தெரிந்தவர் உள்ளே இருக்கிறார். பொருள் கேட்க வேண்டியவர் வாசலில் நிற்கிறார். வாசலில் நிற்கும் அத்தகைய புதியவரைக் குறித்த ஒரு சொல்லே பின்னர் ஓர் உலக ஆட்டத்தின் பெயராயிற்று.

அந்த ஆட்டம் ஸ்நூக்கர். அது பிறந்த இடம் இந்தியா. 1875ஆம் ஆண்டில் ஜபல்பூரில் தங்கியிருந்த டெவன்ஷயர் படைப்பிரிவின் அதிகாரிகள் மழைக்காலப் பிற்பகல்களைப் பில்லியர்ட்ஸ் மேசையருகே கழித்தனர். அவர்களுள் ஒருவர் நெவில் சேம்பர்லின். பின்னாளில் பிரித்தானியப் பிரதமரான அதே பெயருடையவர் வேறொருவர். ‘பிளாக் பூல்’ என வழங்கிய பந்தய ஆட்டத்தில் மேலும் சில வண்ணப் பந்துகளைச் சேர்த்து அவர்கள் புதியதோர் ஆட்டத்தை ஆடிவந்தனர். அதற்குப் பெயர் அமையவில்லை. ஒருநாள் விருந்தினராக வந்த பீரங்கிப்படை இளம் அதிகாரி ஒருவர், தாம் பயின்ற வுல்விச் இராணுவக் கல்விக்கூடத்தில் முதலாண்டு மாணவனை ‘ஸ்நூக்கர்’ என்று கேலியாக அழைப்பர் எனப் பேச்சுவாக்கில் கூறினார். பின்னர் ஆட்டத்தின்போது, மூலைப் பாக்கெட்டின் அருகிலேயே இருந்த எளிய வண்ணப் பந்தொன்றை ஒருவர் வீழ்த்தத் தவறினார். சேம்பர்லின் உடனே அவரை அப்புதிய சொல்லால் கூவி அழைத்தார்.

இவ்வரலாற்றைச் சேம்பர்லினே தம் முதுமையில், 1938ஆம் ஆண்டு ‘தி ஃபீல்டு’ என்னும் இதழுக்கு எழுதிய கடிதத்தில் பதிவுசெய்தார். அப்பதிவில் பலரும் சொல்பிறப்பை மட்டும் எடுத்துக்கொண்டு கடந்துவிடுகின்றனர். அதன் பிற்பகுதி அதனினும் இன்றியமையாதது. கூவிய சொல்லின் பொருளை அறையிலிருந்தோர்க்கு விளக்க வேண்டியதாயிற்று. விளக்கியதும் தவறியவர் மனம் நோவதைச் சேம்பர்லின் உணர்ந்தார். அவரைத் தேற்றும்பொருட்டு, இந்த ஆட்டத்தைப் பொறுத்தவரை நாம் எல்லாருமே ஸ்நூக்கர்கள்தாம் என்றும், ஆகையால் ஆட்டத்துக்கே அப்பெயரை இட்டுவிடலாம் என்றும் கூறினார். மற்றவர்களும் அதனை ஏற்றனர்.

ஒருவர்மேல் எறியப்பட்ட கேலி, எறிந்தவரையும் உட்படுத்தி விரிந்தபோது பெயராக மாறியது. அத்தேற்றுரை இல்லாதிருந்தால் அந்தச் சொல் ஒரு மாலைநேரத்து இளக்காரமாக அறைக்குள்ளேயே முடிந்திருக்கும்.

சேம்பர்லின் பின்னர்ச் சென்னைப் படைத்தலைவர் பிரெடெரிக் ராபர்ட்ஸின் கீழ்ப் பணியாற்றினார். படைத்தலைமை கோடையில் உதகமண்டலத்துக்குச் செல்லும் வழக்கமுடையது. 1880களின் தொடக்கத்தில் உதகை கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் ஸ்நூக்கர் விதிகள் எழுதி வைக்கப்பட்டன. 1885இல் இந்தியாவுக்கு வந்த பில்லியர்ட்ஸ் வல்லுநர் ஜான் ராபர்ட்ஸ் கல்கத்தாவில் சேம்பர்லினைச் சந்தித்து, ஆட்டத்தை அறிந்து இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். 1927இல் முதல் உலகத் தொழில்முறைப் போட்டி நடைபெற்று, ஜோ டேவிஸ் வாகை சூடினார். சொல்லும் பயணத்தில் மாறிற்று. முதலில் அனுபவமற்ற மனிதனைக் குறித்தது. பின்னர் ஆட்டத்தைக் குறித்தது. பின்னர், அடிக்கவேண்டிய பந்துக்கு நேர்வழி மறிக்கப்பட்ட நிலையைக் குறித்தது. இன்று ஆங்கிலத்தில் வழிதெரியாது சிக்கிக்கொண்ட எவரையும் அச்சொல்லின் வினைவடிவால் சுட்டுவர். ஆகுபெயரின் வழியே ஒரு சொல் எத்துணைத் தொலைவு செல்லக்கூடும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று அரிது.

ஒரே நிகழ்வு, வேறு பெயர்கள்

தவறு என்பது அடியில் மட்டும் இருப்பதன்று. எந்த ஆட்டம் ஆடப்படுகிறது என்பதிலும் இருக்கிறது. வெள்ளைப் பந்து மற்றொரு பந்தைத் தொட்டுவிட்டுத் தானே பாக்கெட்டில் விழுகிறது எனக் கொள்வோம். ஆங்கில பில்லியர்ட்ஸில் அது ‘இன்-ஆஃப்’ எனப்படும். சிவப்புப் பந்தைத் தொட்டு விழுந்தால் மூன்று புள்ளிகள் கிடைக்கும். ஸ்நூக்கரில் அதே நிகழ்வு குற்றமாகும்; எதிராளிக்குக் குறைந்தது நான்கு புள்ளிகள் சேரும். அமெரிக்க பூல் ஆட்டத்தில் அதனை ‘ஸ்க்ராட்ச்’, அதாவது கீறல் என்பர். எட்டுப் பந்து ஆட்டத்தில் கறுப்பை வீழ்த்தும் அடியிலேயே அது நேர்ந்தால் ஆட்டமே தோற்றுப்போகும். பந்தைத் தாண்டிக் குதிக்கச் செய்வதும் இத்தகையதே. பூலில் அது கைதட்டல் பெறும் வித்தை. ஸ்நூக்கரில் நடுவர் தண்டிக்கும் பிழை. மேசை மாறும்போது இழிவு புகழாகவும் புகழ் இழிவாகவும் மாறும் என்பதை அறிந்தவர், தவறியவரைப் பார்த்துச் சிரிக்கும்போது சற்று அடக்கமாகவே சிரிப்பார்.

அமெரிக்க பூல் கூடங்களின் பேச்சில் விலங்குகள் மிகுதி. பாக்கெட்டின் வாயிலேயே அமர்ந்து, தொட்டாலே விழக்கூடிய பந்து ‘டக்’, வாத்து. அந்த வாத்தையும் பதற்றத்தால் தவறவிட்டவர் அடியை ‘நாயாக்கிவிட்டார்’ என்பர். தோற்றுக்கொண்டே பந்தயம் கட்டும் அப்பாவி ‘ஃபிஷ்’, மீன். எதிராளி குனிந்து குறிபார்க்கும் நேரத்தில் இருமியும் பேசியும் கவனத்தைக் கலைப்பது ‘ஷார்க்கிங்’, சுறாத்தனம். எண்ணாத பந்து எண்ணாத பாக்கெட்டில் விழுந்தால் ‘ஸ்லாப்’. தொட்டியில் சிந்திய கழனிநீரைக் குறிக்கும் சொல் அது. இரண்டு பந்துகள் வேண்டாத இடத்தில் மெல்லத் தொட்டுக்கொண்டு அடியைக் கெடுத்தால் அது ‘கிஸ்’, முத்தம். காதற்சொல்லைக் கேட்டதும் நாற்காலிக்குத் திரும்பவேண்டிய அவலத்தை வேறெந்த ஆட்டமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியதில்லை.

தந்திரமான அடிகளும் கேலியிலிருந்து தப்பவில்லை. மேசையின் மூன்று பக்கங்களில் மோதி நடுப் பாக்கெட்டுக்குச் செல்லும் அடிக்கு, அப்பாதையின் வடிவம் பற்றி, ‘காக்டு ஹேட்’ என்னும் முக்கோணத் தொப்பியின் பெயர் வாய்த்தது. கோலைச் செங்குத்தாகப் பிடித்து வெள்ளைப் பந்தை வளைந்தோடச் செய்வது ‘மாஸே’. அவ்வளைவின் இயல்பைப் பிரெஞ்சு அறிஞர் கொரியோலிஸ் 1835இல் பில்லியர்ட்ஸ் பற்றி எழுதிய கணித நூலில் ஆராய்ந்தார். அறிஞரின் ஆய்வுக்குரிய அந்த அடி, பழகாதவர் கையில் மேசைத் துணியைக் கிழித்துவிடும். ஆகவே பல கூடங்களில் அதற்குத் தடை உண்டு. வித்தைக்கும் விபத்துக்கும் இடையே உள்ள தொலைவு ஒரு விரற்கடைதான்.

பிறர்மேல் ஏற்றும் பெயர்கள்

கேலிச்சொற்களில் ஒரு வகை, விளங்காததை வேற்றுநாட்டார்மேல் ஏற்றுவது. வெள்ளைப் பந்தின் பக்கவாட்டில் அடித்து அதனைச் சுழலச் செய்வதை அமெரிக்கர் ‘இங்கிலீஷ்’ என்பர். ஆங்கிலேயரோ அதனை வெறுமனே ‘சைடு’ என்கின்றனர். தம் பெயரில் வழங்கும் வித்தையைத் தாம் அப்பெயரால் அழைப்பதில்லை. ஆங்கிலேயரின் வழக்கில் ‘சைனீஸ் ஸ்நூக்கர்’ என ஒன்றுண்டு. அடிக்கவேண்டிய பந்துக்குப் பாதை திறந்தே இருக்கும். ஆனால் வெள்ளைப் பந்தின் பின்புறம் மற்றொரு பந்து நெருங்கி நிற்பதால் கோலை இயல்பாக வைக்க இயலாது. நேரல்லாத, கோணலான இடையூறு என்ற எண்ணத்தில் தொலைநாடொன்றின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. காலம் அப்பெயரைத் திருப்பிக் கேலிசெய்துவிட்டது. 2025இல் ஜாவோ சின்டாங் உலகப் பட்டம் வென்று, அப்பெருமை பெற்ற முதல் சீனர் ஆனார். தொலைவு போயிற்று, சொல் மட்டும் மிஞ்சிற்று.

மற்றொரு வகை, புகழ்பெற்றவர் பெயரை அடிக்கு இடுவது. பிரித்தானிய மதுக்கூடங்களில் பூல் ஆடுவோரும் கோல்ஃப் ஆடுவோரும் இதில் வல்லவர்கள். பந்தை வேண்டியதைவிட ஓரமாகத் தொடுவதற்கும் உடல் மெலிவுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் வழங்குவதால், ஓரமாய்ப் பட்ட அடிக்கு மெலிந்த தோற்றத்தால் பெயர்பெற்ற விளம்பர அழகி ஒருவரின் பெயரை இடுவர். கோல்ஃப் திடலில் கேட்கும் இன்னொன்று அரசியல் சார்ந்தது. அடிப்பதற்கும் வேலைநிறுத்தத்துக்கும் ஆங்கிலச் சொல் ஒன்றே. எனவே நன்றாக அடித்தும் பயன் விளையாத அடிக்கு, 1984-85இல் பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை வழிநடத்திய ஆர்தர் ஸ்கார்கிலின் பெயர் சூட்டப்பட்டது. பாம்புக்கும் எள்ளுக்கும் சிலேடை பாடிய காளமேகத்தை அறிந்தவர்க்கு இம்முறை புதிதன்று. ஆனால் காளமேகத்தின் சிலேடையில் பாம்பும் நோகாது, எள்ளும் நோகாது. இங்கோ, வேலையிழந்து ஓராண்டுப் போராட்டத்தின் தோல்வியைச் சுமந்த ஊர்களில் அக்கேலி எவ்வாறு கேட்டிருக்கும் என்ற எண்ணம் சிரிப்பின் நடுவே வந்து நிற்கிறது. அடியைத் தவறவிட்டவர் தப்பித்துக்கொள்கிறார். அறையில் இல்லாத ஒருவர் அதற்கு விலை கொடுக்கிறார்.

வாய்த்த அடிக்கு நாணுதல்

குறிக்கு மாறாக ஓடிய பந்து தற்செயலாய்ப் பாக்கெட்டில் விழுவதை ‘ஃப்ளூக்’ என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பில்லியர்ட்ஸ் மேசையில் வழங்கத் தொடங்கிய இச்சொல், பின்னர்ப் பொதுவழக்கில் கலந்து இன்று தமிழ்ப் பேச்சிலும் இயல்பாகப் புழங்குகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று தமிழர் நெடுங்காலமாகச் சொல்லிவருவதும் இதுவே. தமிழ்ப் பழமொழி காக்கையைப் பழிப்பதுமில்லை, புகழ்வதுமில்லை. ஸ்நூக்கர் மரபு ஒருபடி மேலே செல்கிறது: ஃப்ளூக் வாய்த்தவர் கையைச் சற்றே உயர்த்தி எதிராளியிடம் பொறுத்தருளக் கேட்பார். விதிநூல் அதைக் கேட்கவில்லை, புள்ளி அவருக்குரியதே. எனினும் உழைக்காது பெற்றதற்கு நாணுதல் வேண்டும் என்பது மேசையோரத்தில் உருவான எழுதாச் சட்டம்.

இதன் மறுதலையும் உண்டு. பந்துகள் மோதும் இடத்தில் சுண்ணத்தூள் போன்ற ஏதேனும் சிக்கினால் பந்து இயல்பற்றுத் துள்ளும். அதனைக் ‘கிக்’ என்பர். அது உண்மையில் நிகழ்வதே. ஆயினும் தவறிய ஒவ்வோர் அடிக்கும் கிக்கைக் காரணம் காட்டி, கோலின் நுனியை உற்றுநோக்கியபடி நாற்காலிக்குத் திரும்புவோர் எக்கூடத்திலும் காணப்படுவர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழி அவர்களுக்கெனவே சொல்லப்பட்டது போலும்.

மீனும் தூண்டிலும்

கேலி முற்றிலும் அறவே கூடாத ஓரிடமும் இவ்வாட்டத்தில் உண்டு. அமெரிக்க பூல் கூடங்களில் தம் திறனை மறைத்து, வேண்டுமென்றே அடிகளைத் தவறவிட்டு, எதிராளியைப் பெரும் பந்தயத்துக்கு இழுப்போரை ‘ஹஸ்லர்’ என்பர். சமூகவியலாளர் நெட் போல்ஸ்கி அவர்களது வாழ்வை ஆராய்ந்து 1967இல் நூலாக வெளியிட்டார். ஹஸ்லரைப் பொறுத்தவரை தவறிய அடி என்பது தூண்டிலில் கோத்த புழு. அவர் எதிராளியை மீன் என்று முகத்துக்கு நேரே அழைப்பதில்லை. அழைத்தால் மீன் நழுவிவிடும். மாறாக, அடியைப் பாராட்டுவார். தம் தவற்றுக்குத் தாமே தலையில் அடித்துக்கொள்வார். இங்குச் சொல் முழுவதும் அன்பாகவும் செயல் முழுவதும் வஞ்சமாகவும் உள்ளன. உரக்கக் கேலிசெய்யும் நண்பர் எதனையும் பறிப்பதில்லை என்பதை இந்த ஒப்பீடு விளக்குகிறது. கேலியின் நன்மை தீமையைச் சொல்லின் கடுமையால் மட்டும் அளக்க இயலாது.

தன்னையும் உட்படுத்தும் நகை

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் களங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கைக் கூறுகிறது. ஜபல்பூர் அறையில் நான்கும் ஒருங்கே இருந்தன எனலாம். ‘ஸ்நூக்கர்’ என்ற சொல் இளமையையும் அறியாமையையும் சுட்டியது; எளிய பந்தைத் தவறவிட்டது பேதைமை; அதைக் கூவிச் சொன்னது எள்ளல். பழைய உரைகள் எள்ளலைத் தான் பிறரை எள்ளுவதாகவும், பிறரால் தான் எள்ளப்படுவதாகவும் இருவகைப்படுத்திப் பேசும். சேம்பர்லினின் தேற்றுரை அவ்விரண்டையும் ஒரே வாக்கியத்தில் இணைத்துவிட்டது.

எல்லாத் தவற்றுக்கும் உடனே நகை பிறப்பதில்லை. 1985ஆம் ஆண்டு உலக ஸ்நூக்கர் இறுதியாட்டத்தில் ஸ்டீவ் டேவிஸும் டெனிஸ் டெய்லரும் மோதினர். தொடக்கத்தில் எட்டு ஆட்டங்கள் முன்னிலை பெற்றிருந்த டேவிஸை டெய்லர் எட்டிப்பிடித்தார். பதினேழுக்குப் பதினேழு என்ற நிலையில், நள்ளிரவு கடந்து, கடைசிக் கறுப்புப் பந்து மட்டும் எஞ்சியது. பிரித்தானியாவில் 1 கோடியே 85 இலட்சம் பேர் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தனர். டேவிஸ் அந்தக் கறுப்பை மிக ஓரமாகத் தொட்டுத் தவறவிட்டார். டெய்லர் அதனை வீழ்த்தி உலகப் பட்டம் வென்றார். ஏற்கெனவே மும்முறை உலகப் பட்டம் வென்றிருந்தவர், தம் நாற்காலியில் அமர்ந்து அதனைப் பார்த்தார். அந்த நேரத்தில் எந்தக் குழூஉக்குறியும் பயன்பட்டிருக்காது. டேவிஸ் அதன்பின் 1987, 1988, 1989 ஆகிய ஆண்டுகளில் மேலும் மும்முறை பட்டம் வென்றார். 25 ஆண்டுகள் கழித்து, 2010இல், அதே அரங்கில் டேவிஸும் டெய்லரும் பார்வையாளர் சிரிக்க அந்த இறுதியாட்டத்தை நகையோடு மீண்டும் ஆடிக்காட்டினர். தவறியவரே முன்வந்து சிரித்தபோதுதான் அந்த அடி பார்ப்போர்க்கும் பாரம் குறைந்ததாயிற்று.

எனவே தவறுக்கு இடும் பெயரைச் சோதிக்க எளிய வழி ஒன்றுண்டு: அப்பெயரைச் சொல்பவர் தமக்கும் இட்டுக்கொள்வாரா என்று கேட்பதே அது. வாத்தையும் கீறலையும் முத்தத்தையும் ஆடுவோர் அனைவரும் தமக்கும் சொல்லிக்கொள்கின்றனர்; ஆகவே அவை நோகடிப்பதில்லை. மீன் என்ற சொல்லை எவரும் தமக்கு இட்டுக்கொள்வதில்லை.

இச்சோதனை மேசையோடு நிற்பதன்று. புதியவர் நுழையும் எந்த அறைக்கும், வகுப்பறைக்கும்கூட, இது பொருந்தும். தமிழகத்துக்கு வெளியே தமிழ் கற்கும் மாணவர் ஒருவர் ‘பள்ளிக்குச் சென்றேன்’ என்பதற்குப் ‘பல்லிக்குச் சென்றேன்’ என்று முதன்முறை சொல்லும்போது வகுப்பு சிரிக்கும். சிரிப்பைத் தடுக்க இயலாது, தடுக்க வேண்டியதுமில்லை. அடுத்த வாக்கியத்தை யார், எவ்வாறு சொல்கிறார் என்பதில்தான் அம்மாணவர் மறுநாள் வருவதும் வராதிருப்பதும் அமைகின்றன. இந்த மொழியின் முன் நாம் எல்லாரும் முதலாண்டு மாணவர்களே என்று சொல்லும் ஆசிரியர் இருக்கும் வகுப்பில், அவர் மறுநாளும் வாய் திறப்பார்.